கால் வரைக்கும் இறங்குற வலி: எபிடூரல் ஊசியா, பிசியோவும் பொறுமையுமா?

ஒருக்களித்தவர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் எல்லாருக்கும். இடுப்புல ஆரம்பிச்சு பிட்டம், தொடையோட வெளிப்பக்கம், கெண்டைக்கால்னு இறங்கி வலது பெருவிரல்ல போய் நிக்குற வலி. ரெண்டு மாசம் ஆகப்போகுது. உட்கார்ந்தா தாங்க முடியல, நின்னா பரவாயில்லை. தும்மினா சுரீர்னு கால் வரைக்கும் இழுக்குது. பெருவிரலுக்கு மேல்பக்கம் லேசா மரத்திருக்கு. ராத்திரித் தூக்கம் சுத்தமாப் போச்சு.

எம்ஆர்ஐ எடுத்தாச்சு. இடுப்புல எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் (ஜவ்வு) வலப்பக்கம் பிதுங்கி எல்5 நரம்பு வேரை அழுத்துதுன்னு ரிப்போர்ட். டாக்டர் எபிடூரல் ஸ்டீராய்டு ஊசி, அதாவது முதுகுத்தண்டு உறைக்கு வெளிப்பக்கம் நரம்பு வேர் பக்கத்துல போடுற ஊசி, போட்டுக்கலாம்ங்கிறார். எனக்குப் பயிற்சி சொல்லித் தர்ற பிசியோ, "இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம், பெரும்பாலும் தானாவே அடங்கிடும்"ங்கிறாங்க. ரெண்டு பேருமே அக்கறையாத்தான் சொல்றாங்க. அதனாலதான் முடிவெடுக்க முடியல.

ஊசி போட்டவங்க, போடாமலே சரியானவங்க ரெண்டு தரப்பும் எழுதுங்க. நல்லா இருந்துச்சு, நல்லா இல்லைன்னு மட்டும் நிறுத்தாம, வலி உடம்புல எங்கே இருந்துச்சு, ஊசி எவ்வளவு காலம் தாங்குச்சுன்னும் சொன்னா புண்ணியமாப் போகும்.

குறுக்குவலி

வேண்டாங்க, ஊசி பக்கமே போகாதீங்க. எனக்குப் போட்டாங்க. ஒரு வாரம் சுகமா இருந்துச்சு, அப்புறம் பழையபடி. மறுபடி போடலாம்னாங்க, போட்டேன், அந்த ஒரு வாரம்கூட கிடைக்கல. நடைப்பயிற்சியும் இடுப்புப் பயிற்சியும்தான் கடைசியில என்னைக் காப்பாத்துச்சு.

விடிகாலை

எனக்கு நேர்மாறு. இடது காலில் குதிகால் வரை வலி, எஸ்1 நரம்பு. பிசியோ சொன்ன பயிற்சி எதையும் செய்யவே முடியாத அளவுக்கு வலி. மாத்திரை எல்லாம் மாத்திப் பார்த்தும் கேட்கல. ஊசி போட்ட ராத்திரி மரப்பு மருந்தால கொஞ்சம் ஓய்வு, அடுத்த நாள் வலி திரும்ப வந்துச்சு, பயந்துட்டேன். மூணு நாலு நாள் கழிச்சுத்தான் ஸ்டீராய்டு வேலை செய்ய ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் ராத்திரி முழுசாத் தூங்கினேன். அந்த ரெண்டு மாசத்துல பயிற்சியை ஒழுங்காப் பிடிச்சுக்கிட்டேன். மறு ஊசி தேவைப்படல. ஊசி இல்லாமலும் அதே நேரத்துக்குச் சரியாகி இருக்குமோ என்னவோ, ஆனா அந்த ரெண்டு மாசத்தை நான் மனுஷனா வாழ்ந்தேன். அது எனக்குப் பெருசு.

நிமிர்நடை (பிசியோதெரபிஸ்ட்)

குறுக்குவலி அண்ணா, உங்களுக்கு வலி முதுகோட நின்னுதா, இல்லை முழங்காலுக்குக் கீழே இறங்குச்சா?

குறுக்குவலி

முதுகுதான். இடுப்புக்கு நடுவுல, ரெண்டு பக்கமும். கால்ல ஒண்ணும் இல்லை.

நிமிர்நடை

அப்போ நீங்களும் விடிகாலையும் ஒரே வியாதியைப் பத்திப் பேசல. இந்த மாதிரி இழைகள்ல சண்டை முடியாமலே போறதுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். நரம்பு வேர் வீங்கி, அதோட பாதையில காலுக்கோ கைக்கோ இறங்குற வலி ஒரு ரகம். முதுகிலேயே, கழுத்திலேயே நிக்குற வலி இன்னொரு ரகம். எபிடூரல் ஊசிக்குக் கொஞ்சமாவது ஆதாரம் இருக்குன்னா அது முதல் ரகத்துக்குத்தான். பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டிகளைத் தயாரிக்கிற நைஸ் அமைப்பு 2016-ல வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாப் பிரிச்சிருக்கு: வெறும் இடுப்பு வலிக்கு முதுகுத்தண்டு ஊசி போடாதீங்க, புதுசா வந்த, கடுமையான சயாட்டிகாவுக்கு (இடுப்பு நரம்பு வழியா காலுக்கு இறங்குற வலி) எபிடூரலைப் பரிசீலிக்கலாம், முதுகுத்தண்டுக் குழாய் நடுவுல சுருங்கி, நடந்தா கால் கனத்துப் போறவங்களுக்கு வேண்டாம். குறுக்குவலி அண்ணாவுக்கு ஊசி பலிக்காததுல ஆச்சரியம் இல்லை. அந்த இடத்துல அது பலிக்கும்னு எதிர்பார்த்திருக்கவே கூடாது.

இழையைத் தொடங்கினவருக்கு ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, ரிப்போர்ட்டைப் பார்த்து மிரளாதீங்க. எந்த வலியும் இல்லாதவங்களோட ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு. இருபது வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு. எண்பது வயசுல தேய்மானம் 96 சதவீதம். அதனால படத்துல இருக்கிறதும் வலிக்கிற இடமும் பொருந்துதான்னு பார்க்கணும். உங்களுக்குப் பொருந்துது: எல்5 நரம்பு பெருவிரலுக்குத்தான் போகும்.

ரெண்டாவது, பிதுங்கின டிஸ்க் அப்படியே இருந்துடாது. உடம்பு அதை வெளிப்பொருளாப் பார்த்து, செல்களை அனுப்பிக் கரைக்குது. தொடர் ஸ்கேன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்போ, துண்டாகிப் பிரிஞ்சு போனது 96 சதவீதமும், வெளியே வழிஞ்சது 70 சதவீதமும், பிதுங்கல் மட்டும் இருந்தது 41 சதவீதமும் தானா சுருங்கியிருக்கு. வெறும் புடைப்பு 13 சதவீதம்தான். ரிப்போர்ட்ல பயங்கரமா எழுதியிருக்கிற வகைதான் நல்லாச் சுருங்குது. நோயாளிங்ககிட்ட இதைச் சொல்லும்போது பாதிப் பேர் நம்ப மாட்டேங்கிறாங்க, ஆனா உண்மை இதுதான்.

பயிற்சியைப் பொறுத்தவரை, யூடியூப்ல பார்த்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கிறதை இப்போதைக்கு விட்டுடுங்க. குப்புறப் படுங்க. ரெண்டு நிமிஷம் சும்மா கிடங்க. பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்க, இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். இப்போ கவனிக்க வேண்டியது முதுகை இல்லை, பெருவிரலை. விரல்ல இருந்த வலி கெண்டைக்காலுக்கு ஏறி, அங்கிருந்து தொடைக்கு ஏறினா, முதுகு கொஞ்சம் அதிகமா வலிச்சாலும் நல்ல அறிகுறி, தொடரலாம். கீழே இறங்கினாலோ மரப்பு கூடினாலோ உடனே நிறுத்துங்க, உங்களுக்கு அந்தத் திசை ஒத்துவரல. உங்க பிசியோகிட்ட அதைச் சொல்லுங்க, வேற திசை பார்ப்பாங்க.

வலிமருத்துவம் (மயக்கவியல் மருத்துவர், வலி சிகிச்சைப் பிரிவு)

நிமிர்நடை சொன்னதை நான் முழுவதும் ஏற்கிறேன். ஊசி போடும் தரப்பிலிருந்து சில விஷயங்கள்.

டிஸ்க் நரம்பை அழுத்துவதால் மட்டும் இந்த வலி வருவதில்லை. டிஸ்க்கின் உட்கூழ் வெளியே வந்ததும் நரம்பு வேரைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. வீங்கிய காயத்தில் விரல் பட்டாலே துடிப்பதைப் போல, அழற்சியுள்ள நரம்பு சிறு அழுத்தத்துக்கும் அலறுகிறது. ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணிக்கிறது. டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது, கரைக்காது. "ஊசி போட்டால் ஜவ்வு உள்ளே போய்விடுமா" என்று பலரும் கேட்கிறார்கள். போகாது.

பலன் எவ்வளவு? மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு 25 சோதனைகள், 2,470 நோயாளிகளைப் பார்த்தது. வெறும் போலி ஊசியோடு ஒப்பிட்டால், 100 புள்ளி அளவுகோலில் கால் வலி சராசரியாக 5 புள்ளி அளவுக்கே கூடுதலாகக் குறைந்தது, அதுவும் குறுகிய காலத்துக்கு. சிறிய வித்தியாசம்தான், மறைப்பதில் பயனில்லை. ஆனால் சராசரிக்குள் பெரிய பலன் அடைந்தவர்களும் ஒரு பலனும் அடையாதவர்களும் கலந்திருக்கிறார்கள். விடிகாலை முதல் வகை. யார் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்லும் உறுதியான சோதனை எங்களிடம் இல்லை. வலி புதிது, கால் வலி முதுகு வலியைவிட அதிகம், ஸ்கேனும் அறிகுறியும் பொருந்துகின்றன என்றால் நான் நம்பிக்கையோடு போடுகிறேன். இந்த மூன்றில் இரண்டு இல்லையென்றால் போட மறுத்துவிடுகிறேன்.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். முகம் சிவத்தல், ஓரிரு இரவு தூக்கமின்மை, ஊசி முனை முதுகுத்தண்டு உறையைத் துளைத்தால் உட்கார்ந்தால் வரும் தலைவலி: இவை கடந்து போகும். அரிதாகத் தொற்று, ரத்தக்கட்டு, நரம்புச் சேதம் வரலாம். 2014-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், எபிடூரல் ஸ்டீராய்டால் மிக அரிதாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், உடல் செயலிழப்பு, மரணம் ஏற்பட்டிருப்பதாக எச்சரித்தது. இந்த மருந்துகள் எபிடூரல் பயன்பாட்டுக்கென அந்த நிர்வாகத்தால் அங்கீகரிக்கப்பட்டவை அல்ல என்பதையும் அதில் சொல்லியிருந்தது. எனவே எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடி, சாயம் செலுத்தி ஊசிமுனையின் இடத்தை உறுதிசெய்து போடுகிறார்களா என்று கேளுங்கள். "கைப்பழக்கம் போதும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆதாரம்_எங்கே

டாக்டர், மரியாதையோடு ஒரு கேள்வி. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நாள்பட்ட முதுகுத்தண்டு வலிக்கு எபிடூரல், மூட்டு ஊசி, நரம்பைச் சூடுவைக்கும் ரேடியோ அலைவரிசை சிகிச்சை எல்லாவற்றுக்கும் எதிராக வலுவாகப் பரிந்துரைத்தது. கால் வலியோடு வருவதற்கும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகும் எப்படிப் போடுகிறீர்கள்?

வலிமருத்துவம்

நியாயமான கேள்வி. அந்த வழிகாட்டி மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் நீடித்த வலியைப் பற்றியது. இழையைத் தொடங்கியவருக்கு இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. நாள்பட்ட வலிக்கு அதன் முடிவை நான் பெரிதும் ஏற்கிறேன், என் துறையில் பலர் எதிர்க்கிறார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். வருடக்கணக்கான இடுப்பு வலிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி என்று ஓட்டுவது நோயாளிக்குச் செய்யும் நன்மை இல்லை. முதுகுத்தண்டுக் குழாய் சுருக்கத்துக்கும் அப்படியே: 2014-ல் 400 நோயாளிகளில் ஸ்டீராய்டு கலந்த ஊசியையும் வெறும் மரப்பு மருந்து ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பிரிட்டனில் நடந்த நெர்வ்ஸ் சோதனை, 2021-ல் வெளியானது. டிஸ்க் பிதுங்கிய சயாட்டிகா நோயாளிகள் 163 பேரில் அறுவை சிகிச்சையையும் எபிடூரல் ஊசியையும் ஒப்பிட்டது. 18 வாரத்தில் இயலாமை அளவில் கணிசமான வேறுபாடு இல்லை. கத்தி வைப்பதற்கு முன் ஊசியை முயல்வதற்கு இது நல்ல காரணம்.

ஆதாரம்_எங்கே

ஏற்கிறேன். ஆனால் "வலி மாத்திரை பார்த்தாச்சு, அடுத்து ஊசி" என்று படிக்கட்டு மாதிரி போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மாத்திரைகளில் பாதிக்கும் ஆதாரம் இல்லை. பிரிகாபாலின் என்ற நரம்பு வலி மாத்திரை சயாட்டிகாவுக்குப் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2017-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் வந்தது, தலைசுற்றல்தான் அதிகம். ஆக, பயிற்சியையும் நேரத்தையும் முழுசாகக் கொடுத்துப் பார்க்காமல், பலிக்காத மாத்திரையைப் பலிக்காமல் போனதற்குச் சாட்சியாக வைத்து ஊசிக்குப் போகிறார்கள்.

நிமிர்நடை

இந்த ஒரு வரிக்காகவே இந்த இழை நல்லது. "ஊசி இல்லாத சிகிச்சை எல்லாம் பார்த்தாச்சு"ன்னு என்கிட்ட வர்றவங்ககிட்ட என்ன பார்த்தீங்கன்னு கேட்டா, சூடு ஒத்தடம், கரண்ட் வைக்கிறது, இடுப்பை இழுக்கிற ட்ராக்‌ஷன், பெல்ட். 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில ட்ராக்‌ஷனும் பெல்ட்டும் வேண்டாம்னு இருக்கு. பரிந்துரைச்சது பயிற்சி, நோயைப் பத்தின தெளிவு, மனநல அணுகுமுறை இதெல்லாம். மேசையில படுக்க வெச்சுக் கருவியை மாட்டிட்டு நகர்ந்து போறதுக்குப் பேர் பிசியோதெரபி கிடையாது. அதைப் பார்த்துட்டு பிசியோ பலிக்கலன்னு ஊசிக்குப் போறவங்களை நினைச்சா எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கு, என் தொழில்காரங்க செஞ்ச வேலை அது.

தோள்பட்டை

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். எனக்குக் கழுத்து. வலது கை நடுவிரல் வரை வலி, சி7 நரம்புன்னு சொல்றாங்க. கழுத்துலயும் இதே கணக்குதானா? கழுத்துல ஊசின்னாலே பயமா இருக்கு.

வலிமருத்துவம்

கழுத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. நரம்பு வெளியேறும் துளை வழியாக ஊசி செலுத்தும் முறையில், முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அருகிலேயே ஓடுகின்றன. துகள் கொண்ட ஸ்டீராய்டு அதில் போய் அடைத்தால் விபரீதம். நான் முன்பு சொன்ன பக்கவாதம் போன்ற விபத்துகளில் பல கழுத்தில் நடந்தவை. அதனால் கழுத்தில் பின்பக்கமாக, பெரும்பாலும் கழுத்து எலும்புகள் முடிந்து முதுகு எலும்புகள் தொடங்கும் சி7-டி1 மட்டத்தில் போடுவார்கள். துளை வழியாகப் போட்டே ஆக வேண்டுமென்றால் துகளற்ற டெக்ஸாமெத்தசோன் மட்டுமே.

ஆதாரமும் கழுத்துக்குக் குறைவு. 2014-ல் 169 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: ஊசி மட்டும், பிசியோவும் மாத்திரையும் மட்டும், இரண்டும் சேர்த்து. ஒரு மாதத்தில் கை வலியில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மூன்றாம் மாதத்தில் நல்ல பலன் கண்டவர்கள் சேர்த்த குழுவில் 57 சதவீதம், ஊசி மட்டும் 37, பிசியோ மட்டும் 27. எது மேல் என்று நாம் இங்கே அடித்துக்கொள்ளும்போது, இரண்டையும் சேர்த்தவர்கள் முன்னே போயிருக்கிறார்கள்.

நிமிர்நடை

தோள்பட்டை, வலி வந்து ஒரு மாசத்துக்குள்ளன்னா காலரும் உதவும். 2009-ல நெதர்லாந்துல 205 பேரை வெச்சுப் பார்த்தாங்க. மூணுல இருந்து ஆறு வாரம் ஓரளவு கெட்டியான காலர் போட்டு ஓய்வெடுத்தவங்களுக்கும் பிசியோ எடுத்தவங்களுக்கும், சும்மா இருந்தவங்களைவிட வலி சீக்கிரம் குறைஞ்சுது. அதுக்காக மாசக்கணக்கா மாட்டிக்காதீங்க, கழுத்துத் தசை வீணாப் போகும். கையைத் தலைமேல வெச்சா வலி குறையுதான்னு பாருங்க. குறைஞ்சா நரம்பு வேர்தான், அந்த நிலையிலேயே படுத்து ஓய்வெடுக்கலாம்.

ஆனா ஒண்ணு. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுதா, கையெழுத்து மாறிப்போச்சா, நடக்கும்போது தள்ளாடுதா? இதுல ஏதாவது இருந்தா தண்டுவடமே அழுத்தப்படலாம். அப்போ பயிற்சியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். நேரா முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர்கிட்ட போங்க.

தோள்பட்டை

பொத்தான் எல்லாம் சரியாப் போட முடியுது. கையைத் தலைமேல வெச்சதும் வலி பாதியாயிடுச்சு! இத்தனை நாள் இதை யாரும் சொல்லல. நன்றி அக்கா.

சர்க்கரை_வீடு

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, இன்சுலின் போடுறாங்க. கால் வலிக்கு ஊசி போடப் போறோம். ஏதாவது கவனிக்கணுமா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடுறாங்க.

வலிமருத்துவம்

இரண்டையும் ஊசி போடுபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஸ்டீராய்டுக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை நன்றாக ஏறும், வீட்டில் அடிக்கடி பரிசோதியுங்கள், இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டுமா என்று சர்க்கரை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவதே நல்லது. ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஊசியின்போது தொடர்ந்தால் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டும் ஆபத்து, நிறுத்தினால் இதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்து. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை அந்த மாத்திரையை எழுதிய இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குறுக்குவலி

நான் முதல்ல எழுதினதைப் படிச்சிட்டு யாரும் பயப்பட வேண்டாம், என் வலி வேற ரகம்னு இப்போ புரியுது. நடையைப் பத்தி மட்டும் திரும்பச் சொல்றேன், என் மாதிரி இடுப்புவலிக்காரங்களுக்கு அதுல ஈடே இல்லை.

ஆதாரம்_எங்கே

அதற்கு 2024 லான்செட் மருத்துவ இதழில் ஆதாரம் உண்டு. இடுப்பு வலி வந்து சரியான 701 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி மறுபடி வர நடுமதிப்பாக 208 நாள். மற்றவர்களுக்கு 112.

ஒருக்களித்தவர்

எல்லாருக்கும் மனசார நன்றி. நிமிர்நடை சொன்ன மாதிரி குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். முதல் தடவை முதுகு வலிச்சுது. நாலஞ்சு முறை செஞ்சதும் பெருவிரல் வலி கெண்டைக்காலுக்கு ஏறிடுச்சு. எழுந்து உட்கார்ந்தா திரும்ப இறங்குது, ஆனா ஏறுச்சுங்கிறதே தைரியமா இருக்கு.

டாக்டர்கிட்ட போய் எக்ஸ்-ரே திரை, சாயம் பத்திக் கேட்டேன். ரெண்டும் உண்டுன்னு சொன்னார், கோவப்படல. மூணு வாரம் பயிற்சியை ஒழுங்காச் செஞ்சு பார்க்கிறேன், தூக்கம் திரும்பலைன்னா ஊசி போட்டுக்கிறேன்னு சொன்னேன். அவரும் சரின்னார். பிசியோவும் சரிங்கிறாங்க, ஊசி போட்டாலும் பயிற்சியை நிறுத்தக்கூடாதுங்கிற நிபந்தனையோட.

நிமிர்நடை

நல்ல ஏற்பாடு. உட்காரும் நேரத்தை இருபது நிமிஷத்துக்கு மேல விடாதீங்க, எழுந்து ரெண்டு நிமிஷம் நின்னுட்டு உட்காருங்க. கட்டில்ல இருந்து எழும்போது நேரா எழாம, பக்கவாட்டுல உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்க. தினமும் குதிகாலால பத்தடி நடந்து பாருங்க. வலது பாதம் தரையில இடறினாலோ, பெருவிரலை மேலே தூக்குற பலம் குறைஞ்சாலோ மூணு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

வலிமருத்துவம்

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமை, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காலம் தாழ்த்தினால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம்.

மூன்று வாரம் கழித்துப் பெருவிரல் எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.